வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை

1

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. கையெழுத்து கோணும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரிக்கு நினைத்து வைத்தது மறந்துபோகும். ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றில் போய் நிற்பேன். நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. கல்யாண வீட்டில்கூட அடுப்படிப் பக்கமாகத்தான் உட்காருவேன்.

அவனியாபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு சகாயமேரி டீச்சர் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் பகுதிக்காரர்களுக்காக மாதம் ஒரு சின்ன இதழ் போடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் எழுதுவதற்கு அதில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். இதுவரை துபாய்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும்தான் எழுதியிருக்கிறார்கள். போன மாதம் போனில் பேசும்போது ஒரு விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். டீச்சர் முழுவதும் கேட்டுவிட்டு, இதை அப்படியே எழுதுங்கள், எழுத்துப் பிழையை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என் பேர் போட வேண்டாம் என்றேன். பிறகு யோசித்தேன். இத்தனை நாளும் மறைத்துத்தானே இந்தக் கதிக்கு வந்தேன். பேரைப் போட்டுக்கொள்ளுங்கள் டீச்சர். பட்டறைக்காரர் வீட்டுப் பாக்கியம் என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது நான் இருப்பது கனடாவில், டொரண்டோவுக்குப் பக்கத்தில், என் மகன் செல்வத்தின் வீட்டில். வந்து மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் காகிதத்தில் நான் இன்னும் வருகையாளர்தான். வருஷா வருஷம் எனக்கு இன்சூரன்ஸ் போட வேண்டும். ஒவ்வொரு காகிதத்திலும் எப்போது திரும்பிப் போவீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். அந்த இடம் வந்ததும் மருமகள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

2

இந்த வீட்டில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது மாதத்தில் இரண்டு நாள் இருந்தால் அதிகம்.

மருமகள் தேன்மொழி மேலூர்க்காரி. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடும் வேலை. ஒரு வாரம் காலையில் போவாள், ஒரு வாரம் மத்தியானம் போவாள். கொரோனா நாளில் ஒரு நாளும் லீவு போடாமல் போய்வந்தவள். இன்றைக்கும் வேலைவிட்டு வந்தால் கார் கொட்டகையிலேயே உடுப்பை மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். பேத்தி கயலுக்குப் பதினாலு வயது. அந்த வருஷங்களில் படிப்பு, விளையாட்டு, சிநேகிதம் எல்லாம் ஒரு கண்ணாடிப் பலகைக்குள்ளேயே முடிந்தது. அதிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டும் மாடியறைக்குப் போய்விட்டது. அப்பத்தா என்று கூப்பிடுவாள், அதற்கு மேல் பேச்சு இங்கிலீஷில் போய்விடும். எனக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவேன். நான் சும்மா ஆட்டுகிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

எனக்கும் அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டது. கடையிலிருந்து எது வந்தாலும் சோப்புத் தண்ணீரில் கழுவித்தான் எடுப்பேன். பால் டப்பா, வாழைப்பழம், பிஸ்கட் பொட்டலம் எதையும் விடுவதில்லை. ஒருமுறை அவல் பாக்கெட் ஓட்டையாக இருந்ததைக் கவனிக்காமல் கழுவி, மொத்தமும் கூழாகிவிட்டது. "அத்தை, கூகுளுக்கு எழுதிப் போடுங்க, இது புது ரெசிப்பி" என்றாள் தேன்மொழி.

செல்வத்தைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. அவனுக்குக் கணினி வேலை. கொரோனா முதல் வருஷம் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியவன், இன்னும் அந்த அறையை விட்டு இறங்கவில்லை. அவனுக்கு அந்த நோய் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். குளித்துவிட்டு வந்தால் அரைமணி நேரம் படுக்க வேண்டும். மாடிப்படி பதின்மூன்று. ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு அப்புறம் ஏறுவான். அவனுக்கு வயது நாற்பத்தாறு. அவனியாபுரத்திலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு ஓடிப் போய் ஓடியே திரும்பி வந்த பையன் அவன்.

தேன்மொழி அவனுக்காக அலைந்தது கொஞ்சமல்ல. இங்கே நினைத்தவுடன் பெரிய டாக்டரைப் பார்த்துவிட முடியாது. முதலில் குடும்ப டாக்டர். அவர் ரத்தப் பரிசோதனை எழுதுவார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வரும். வேலைப் பளு, நன்றாகத் தூங்குங்கள் என்பார். நுரையீரல் டாக்டருக்கு எழுதிக் கொடுங்கள் என்றால், எழுதுகிறேன், முறை வரும்போது கூப்பிடுவார்கள் என்பார். கூப்பிடவே மாட்டார்கள். நாம் போன் போட்டால் பாட்டு கேட்கும். கேட்டுக்கொண்டே அவள் சமையலை முடித்துவிடுவாள்.

3

இப்படி இருக்கும்போதுதான், ஒரு பல்கலைக்கழகத்தில் கொரோனா பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று தேன்மொழி கண்டுபிடித்தாள். அந்த நோய் போன பிறகும் மனிதர் உடம்பிலும் பழக்கவழக்கத்திலும் என்னென்ன விட்டுப் போயிருக்கிறது என்று வீடு வீடாக வந்து கேட்பார்கள். யாருக்காவது இன்னும் தொந்தரவு இருந்தால், அவர்களைத் தனியாக அழைத்து நுரையீரலைப் படம் எடுத்து, நடக்கவிட்டு, ஊதவிட்டுப் பார்ப்பார்கள். அந்த முடிவு நேராகப் பெரிய டாக்டர் கைக்குப் போகும். தேன்மொழி எங்கள் வீட்டுப் பேரைப் பதிந்ததே இதற்காகத்தான். ஆனால் என்னிடம் அதை விளக்கவில்லை. ஒரு அம்மா வருவார், பழக்கவழக்கம் பற்றிக் கேட்பார், உள்ளதைச் சொல்லுங்க அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உள்ளதைச் சொல்லுங்க என்றாள். அதை நான் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்ததும் நான்தான்.

வந்த அம்மாவின் பேர் நோரா. ஐம்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தார். எனக்கு அது பிடித்தது. செல்வம் மேலே காதில் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் இருந்தான். கூப்பிடலாமா என்று நோரா சைகையில் கேட்டார். வேலை, வேலை என்று நான் கை காட்டினேன். நோரா பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு பெண் போனில் வந்தாள். வீட்டில் ஒருவர் எல்லாருக்குமாகச் சொல்லலாம், பிறகு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் இந்த நம்பருக்குப் பேசலாம் என்று நோரா ஒரு சீட்டைக் கொடுத்தார். போனில் வந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். அவள் தமிழ் கேட்க அழகாக இருந்தது.

கை கழுவுவது எத்தனை முறை, தூக்கம் எத்தனை மணி, வெளியே போவது வாரத்தில் எத்தனை நாள், ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது எத்தனை மணி. பொட்டலங்களைக் கழுவுவதைச் சொன்னேன். நோரா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. எல்லாரிட்டையும் கேக்கிற கேள்விதான். நீங்கள் ஒரு கிழமைக்கு எவ்வளவு மது எடுக்கிறனீங்கள்?"

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பார். இருமலுக்கு மருந்து குடித்தாலே மயங்கிவிடுவேன் தாயி என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

அடுத்த கேள்விதான் அது.

"உங்கட வீட்டில ஆருக்காவது இப்பவும் மூச்சு எடுக்கக் கஷ்டமோ, களைப்போ, இருமலோ இருக்கோ?"

அவள் கேட்டு முடிப்பதற்கும் மேலே செல்வம் இருமத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. நான் எழுந்தேன். டீ போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்த சத்தத்தில் இருமல் அமுங்கிப்போனது. அங்கிருந்தபடியே சொன்னேன்.

"இல்லை தாயி. எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லை."

மகனுக்கு எப்படி என்று தனியாகவும் கேட்டார்கள். தினமும் நடக்கப் போவான், நன்றாகத் தூங்குவான் என்றேன். நோரா மடியில் வைத்திருந்த கணினிப் பெட்டியில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். குடும்பத்தில் அந்த நோயால் யாராவது இறந்தார்களா என்று கடைசியாக ஒரு கேள்வி. அதற்கும் இல்லை என்றேன். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கை ஏன் குழாய்க்குப் போனது என்று அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

4

நம் ஊரில் கொரோனா முதல் வருஷத்து ஆடி மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டோ ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. யாருக்காவது நோய் என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடித்து, சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அடித்தார்கள். பால் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். அந்தத் தெருவில் நடக்க வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன். தகரத்தை எடுத்த பிறகும் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பேசியிருந்த இடம் வராமல் போனது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, நம் வாசலில் மட்டும் தகரம் ஏறக் கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையும் வீடும் ஒரே வாசல். அப்போதுதான் மூன்று மாதம் அடைத்துக் கிடந்து, மெல்ல ஒன்றிரண்டு கேட் வேலை வரத் தொடங்கியிருந்தது. சர்க்கரை உள்ள மனுஷர். அவருக்குக் காய்ச்சல் வந்தது. இருமலும் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த நோயின் பேரை இரண்டு பேரும் சொல்லவில்லை.

மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வருவாள். செவ்வாய், வியாழன், சனி. முகத்தை மூடிய துணி, கையில் நோட்டு, நெற்றிக்கு நேரே பிடிக்கிற காய்ச்சல் கருவி. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். வெயிலில் வந்து நிற்பாள். உள்ளே வர மாட்டாள். வாசலில் நின்றே கேட்பாள்.

"அம்மா, வீட்ல யாருக்கும் காய்ச்சல், இருமல் இருக்கா? மூச்சுத் திணறல் இருக்கா?"

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கேட்கும்போது அவர் உள்ளறையில் படுத்திருந்தார். இருமலை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. நான் வாசல் குழாயடியில் நின்றிருந்தேன். காலியாக இருந்த வெண்கலக் குடத்தை எடுத்து வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். வெறும் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"யாருக்கும் ஒண்ணுமில்லை தாயி" என்றேன். என் நெற்றியில் மட்டும் கருவியைக் காட்டினாள். ஐயா எங்கே என்றாள். பேரையூருக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு அடுப்படியில் கஷாய வாடை தெருவரை வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஏதாச்சும்னா மறைக்காமச் சொல்லுங்கம்மா, ஆஸ்பத்திரியில கட்டில் இருக்கு" என்றாள். தலையாட்டினேன். போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார். அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி வண்டி நின்றிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

நெஞ்சுவலி என்று சொன்னது நான்தான். சர்க்கரைக்காரர், வயதும் ஆனவர், எல்லாரும் நம்பினார்கள். நம்பவும் பிரியப்பட்டார்கள். கொழுந்தனார் பாஸ் வாங்கிக்கொண்டு பேரையூரிலிருந்து இரண்டு பேரோடு வந்தார். அண்ணனை மடியில் வைத்துக் குளிப்பாட்டினார். தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. செல்வம் இங்கிருந்து போனில் பார்த்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததே இல்லையேம்மா என்றான். திடீரென்று வந்துவிட்டது என்றேன். கொழுந்தனார் திரும்பிப் போன பிறகு பத்து நாள் படுத்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் வரப்பில் பாதி தூரம் நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார் என்று கேள்விப்படுகிறேன். தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

5

நோரா வந்துபோய் மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேன்மொழி நின்றபடியே படித்தாள். பங்கெடுத்ததற்கு நன்றி, உங்கள் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாததால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அழைப்பு இல்லை என்று போட்டிருந்தது. அவள் அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அப்போதுதான் இந்தக் காகிதத்தை நம்பி அவள் இருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. மொழி சொன்ன பெண் மாற்றிச் சொல்லியிருப்பாள், இல்லையென்றால் நோரா தவறாக அடித்திருப்பார் என்றாள். அந்த யாழ்ப்பாணத்துப் பெண் மேல் பழி போகிறது. நான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் செல்வம் ஏழாவது படியில் உட்காரும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். தேன்மொழி திரும்பவும் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாவது நாள் பட்டறைக்காரரின் தெவசம். அவருக்கு அயிரை மீன் குழம்பு என்றால் உயிர். இங்கே அயிரைக்கு எங்கே போவது, உறைந்த நெத்திலியைப் போட்டு வைத்திருந்தேன். தேன்மொழி லீவு எடுத்திருந்தாள். கயலும் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போகாமல் உட்கார்ந்தாள். படத்துக்குப் படைத்து, செல்வம் சூடம் காட்டினான். காட்டி முடித்ததும் படத்துக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். இலையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினான். நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலே தெரிந்தது. உள்ளறையில் அவர் மூச்சு வாங்கியதும் இப்படித்தான்.

"அந்தம்மாகிட்ட நான்தான் இல்லைன்னு சொன்னேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. தேன்மொழி கரண்டியைப் பிடித்தபடி என்ன அத்தை என்றாள். நான் திரும்பச் சொன்னேன். மூச்சுத் திணறல் இல்லை, தினமும் நடக்கிறான், நன்றாகத் தூங்குகிறான் என்று சொன்னேன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டாள்.

"நான் அங்கன பதினெட்டு பெருசுகளுக்கு மூச்சு எண்ணி எழுதிட்டு வாரேன் அத்தை. என் வீட்ல ஒரு ஆளுக்கு எண்ணச் சொல்லி ஒருத்திய வாசல் வரைக்கும் கூட்டியாந்தா, நீங்க டீயக் குடுத்து அனுப்பிட்டீங்க."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் குடத்தைச் சொல்ல வேண்டும். குடத்தைச் சொன்னால் செல்வத்துக்கு அவன் அப்பா எப்படிப் போனார் என்று தெரிந்துவிடும். நோட்டை வைத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்டால் என் வாய் தானாக இல்லை என்கிறது, நோயைச் சொன்னால் வீட்டை அடைப்பார்கள், வருகையாளரான என்னைத் திருப்பி அனுப்புவார்கள், செல்வத்தின் வேலை போகும் என்று ஏதேதோ பயம் என்றேன். அது பாதி உண்மை. படத்தில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதியையும் சொன்னேன்.

நான் முடித்த பிறகு செல்வம் கேட்டான்.

"அப்பா சொல்ல வேணாம்னாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தப்பித்திருக்கலாம்.

"அவரை நான் கேக்கவே இல்லப்பா" என்றேன்.

அவன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். கயலுக்கு எங்கள் பேச்சு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எழுந்து போய் அப்பாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் குழம்பை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

6

நோரா கொடுத்திருந்த நம்பர் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். தேன்மொழி பேசினாள். நோரா மறுபடி வந்தார். இந்த முறை செல்வம் கீழே வந்து உட்கார்ந்திருந்தான். போனில் அதே பெண்தான். முதலில் அவளிடம், உன் மேலே பழி வந்துவிட்டது தாயி, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். இதை நோராவுக்கும் சொல்லட்டோ என்று அவள் கேட்டாள். சொல்லு என்றேன்.

நோரா கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னதை அந்தப் பெண் இப்படிச் சொன்னாள்.

"பயத்தில இல்லையெண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம் அம்மா, நீங்கள் மட்டுமில்லை. ஆனா எல்லாரும் இல்லையெண்டு சொன்னா, இந்தக் கொரோனா வருத்தம் போயிட்டுதெண்டு எங்கட புத்தகம் சொல்லும். பிறகு ஆரும் மருந்து தேட மாட்டினம்."

செல்வம் அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். குளித்தால் படுக்க வேண்டியிருப்பது, பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை தொலைந்துபோவது, வேலை போய்விடுமோ என்று மேலதிகாரியிடம் மறைத்து வைத்திருப்பது. மறைக்கிற குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது இருமல் வந்தது. நான் என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருமல் முழுசாக முடியும் வரை எல்லாரும் கேட்டோம்.

நோரா எல்லாவற்றையும் திருத்தி எழுதிக்கொண்டார். ஆனால் இந்த முறை பரிசோதனைக்கான ஆட்களை எடுத்து முடித்துவிட்டார்களாம். அடுத்த முறை தை மாதத்துக்கு மேல்தான். அதில் செல்வத்தின் பேர் முதலில் இருக்கும் என்றார். என்னால் அவனுக்கு ஐந்து மாதம் போய்விட்டது. இந்தக் குளிர்காலத்தை அவன் இந்தப் பதின்மூன்று படியோடு தாண்ட வேண்டும். விடும்மா, இவ்வளவு நாள் இருந்தாச்சு, அஞ்சு மாசந்தானே என்கிறான். நான் டீ கொடுத்தால் தேன்மொழி வாங்கிக்கொள்கிறாள்.

நோரா கிளம்புமுன் அந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்பக் கேட்டார். குடும்பத்தில் யாராவது அந்த நோயால் இறந்தார்களா. ஆமாம், என் வீட்டுக்காரர் என்றேன். ஐந்து வருஷம் கழித்து முதன்முதலாக அந்தப் பெட்டியில் அவருக்கு ஒரு அடையாளம் விழுந்தது. காய்ச்சல் தொடங்கி எத்தனை நாளில் இறந்தார் என்று கேட்டார்.

மூன்று நாள் என்றேன். திங்கள், செவ்வாய், புதன். செல்வமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

7

டீச்சர், இதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். வேறு பிழை எத்தனை இருந்தாலும் பரவாயில்லை.

அவருக்குக் காய்ச்சல் கண்ட அன்றைக்குத்தான் நான் மதில் வழியாக உங்களைக் கூப்பிட்டு ஒரு அட்டை மாத்திரை வாங்கித் தரச் சொன்னேன். எனக்குத் தலைவலி என்று உங்களிடமும் பொய் சொன்னேன். அது திங்கட்கிழமை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நோராவிடம் மூன்று நாள் என்று சொன்ன பிறகு எனக்குள் என்னவோ உறுத்துகிறது. மாத்திரையைக் கொடுக்கும்போது நீங்கள், கடைத்தெருவில் நிற்க இடமில்லை, நாளைக்கு எல்லாம் அடைப்பல்லவா என்று சொன்னதுபோல ஒரு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைதானே முழு ஊரடங்கு, அப்படியென்றால் அது சனிக்கிழமை. வேறொரு நாள் நீங்கள் சொன்னதைக் கொண்டுவந்து இதில் சேர்த்துக் குழப்புகிறேனோ என்னவோ.

திங்கள் என்றால் மூன்று நாள். சனி என்றால் ஐந்து நாள். சனிக்கிழமையும் அந்தப் பெண் வந்திருப்பாள். அன்றைக்கும் கேட்டிருப்பாள். அன்றைக்கும் நான் அவளுக்கு ஏதோ பதில் சொல்லித்தான் அனுப்பியிருப்பேன். எனக்குச் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

நீங்கள் தினமும் டைரி எழுதுகிறவர். எடுத்துப் பாருங்கள். சனி என்று இருந்தால், மூன்று என்பதை அடித்துவிட்டு ஐந்து என்று போடுங்கள். எனக்கு மனசு கஷ்டப்படும் என்று மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். எனக்கும் சொல்லுங்கள். செல்வத்திடம் நான் சொல்ல வேண்டும்.